கல்லாறு தாண்டினால் பேச்சில்லை

பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில், அன்றைக்கு உடைத்த தேங்காய்த் தண்ணீரில் உள்ளங்கையை நனைத்துக்கொண்டு செய்த சத்தியம் இது: கீழே வருவதில் ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. யானை சலாம் வைக்கிற இடத்தில் மட்டும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களுக்கும் அதே சத்தியம்தான்.

1952 பங்குனி. திருவனந்தபுரத்தில் குடியும் குடித்தனமுமாக இருந்துகொண்டு ஆகாய விமானம் ஓட்டிய கேப்டன் அந்தக் கம்பெனியில் ஒருவர்தான் உண்டு. பகவதிப்பெருமாள். நாஞ்சில் நாட்டுக்காரர், பூதப்பாண்டிப் பக்கம். காலையில் சாலைக் கடைத்தெருவில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிவிட்டு, மத்தியானம் மதராஸில் இறங்கி, மறுநாள் சாயங்காலம் வலியசாலை வீட்டில் சம்பார மோர் குடிக்கிற யோகம் வேறு எந்த விமானிக்கும் வாய்க்கவில்லை. மற்றவர்களையெல்லாம் கம்பெனி அஸ்ஸாமில் தள்ளியிருந்தது. அங்கே அவர்கள் அரிசி மூட்டையும் ஆடுமாக ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் மலை தேடினார்கள்.

விமானத்தில் கேப்டன் உட்காருவது இடது நாற்காலி, துணை விமானி வலது நாற்காலி. அந்த இடது நாற்காலிதான் பகவதிப்பெருமாளின் சொத்து, சுகம், மரியாதை எல்லாம். அது போனால் அஸ்ஸாம். மனைவி வடிவாம்பாளோ அஸ்ஸாமுக்கு மட்டும் வரமாட்டேன் என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டவள். அப்போது அவளுக்கு அஸ்ஸாம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

வலது நாற்காலியில் நாலு வருஷமாக உட்கார்ந்திருந்தவன் பட்டாபி. கரமனை அக்கிரகாரத்துப் பையன், மெலிந்த உடம்பு, பெரிய கண்கள், பேச்சில் மன்னன். ஏணியில் கால் வைக்கும்போது தொடங்குகிற கதையை என்ஜின் கிளம்புகிறவரைக்கும் இழுப்பான். பேசும்போது அவனுடைய கை, புருவம், தோள் எல்லாம் சேர்ந்து பேசும். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு ரகசியம் இருந்தது. வடிவாம்பாள் கட்டிக்கொடுக்கிற உள்ளித்தீயல் என்ற வெங்காயக் குழம்பை அந்தப் பையன் விமானத்தில் சப்புக்கொட்டிச் சாப்பிடுவான். வெங்காய வாசனை பட்டால் அடுக்களையைக் கழுவிவிடுகிற வீட்டில் பிறந்தவன். பத்தாயிரம் அடிக்கு மேலே ஆசாரம் செல்லாது என்பது அவன் கட்சி. விஷயம் வெளியே போகாது என்று பகவதிப்பெருமாள் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று முதல் வடிவாம்பாள் இரண்டு பேருக்குத்தான் சமைத்தாள்.

ஊரில் பகவதிப்பெருமாளின் பேர் பெரிதானதற்கு அவருடைய சட்டம் காரணம். மலைத்தொடரைத் தாண்டி வரும்போது பொன்முடிக்கு அடியில் கல்லாறு கம்பி மாதிரி மினுங்கும். அது கண்ணில் பட்டதும் விமானத்தில் பேச்சு நின்றுவிட வேண்டும். சக்கரம் தரையைத் தொடும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

"வாயி ஒரு வழிக்குப் போனா கை இன்னொரு வழிக்குப் போவும் வே," என்பார்.

கல்லாறுக்குப் பிறகு எல்லாம் சைகைதான். இரண்டு கையையும் உருண்டையாகக் குவித்துக் கீழே அழுத்தினால், சக்கரத்தை இறக்கு. காதைத் தொட்டால், ரேடியோ தங்கையனிடம் கேள். கட்டைவிரலை உயர்த்தினால், ஆச்சு. தங்கையன் பின்னால் ஒரு மூலையில் இரண்டு காதிலும் குழலை மாட்டிக்கொண்டு கிடப்பான். தரையிலிருந்து சேதி வந்தால் எட்டிக் கேப்டனின் இடது தோளைத் தட்டுவான். மானேஜர் ஞானசிகாமணி இந்தச் சட்டத்தைப் பற்றி மதராஸ் ஆபீஸில் பெருமையடிக்காத மாதமில்லை. வெள்ளைக்கார விமானிகள்கூட இதைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள் என்பார்.

இன்னொரு பழக்கமும் பகவதிப்பெருமாளுக்கு உண்டு. இறங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைக் காகிதத்தில் வைத்துக்கொள்வதை அவர் கேவலமாக நினைத்தார். இடது கை விரல்களின் கணுக்களில் வைத்திருந்தார், ஜபம் எண்ணுகிற மாதிரி. ஆள்காட்டி விரலின் அடிக்கணு பெட்ரோல். மோதிர விரலின் நடுக்கணு சக்கரம். ஒவ்வொன்றும் முடிய முடியக் கட்டைவிரல் அடுத்த கணுவுக்கு நகரும். சுண்டுவிரல் நுனிக்கு வந்துவிட்டால் எல்லாம் ஆச்சு, இறங்கலாம். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டைவிரல் அவரை ஏமாற்றியதே இல்லை.

அன்றைக்குப் பங்குனி ஆராட்டு. பத்மநாபசுவாமி கடலாடச் சங்குமுகத்துக்குப் போகும் வழி விமான ஓடுதளத்தின் குறுக்கேதான் போகிறது. சுவாமிக்கு வழிவிட்டு விமானம் நிற்கும், உலகத்தில் எத்தனை ஊரில் இந்த நடப்பு உண்டோ தெரியாது. ஊர்வலம் வருவதற்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தார்கள். இறங்கியும் இருப்பார்கள். மதராஸிலிருந்து திரும்பும் வழியில், திருச்சியில் ஒரு ஜமீன்தாரின் மாமியார் குறுக்கே வந்தாள்.

அந்தக் காலத்தில் பிரயாணிகளையும் எடைபோட்டுத்தான் ஏற்றுவார்கள். தான் தராசில் ஏறுவதாவது என்று அந்த அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மருமகன் கெஞ்சினான், கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்தான், கடைசியில் அவளை எடைபோடாமல் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு எடைபோட்டு நாற்காலியைக் கழித்தார்கள். அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

அந்தக் காத்திருப்பில் பகவதிப்பெருமாள் இறக்கையின் நிழலில் உட்கார, பட்டாபி வழக்கம்போல அவருடைய இடப்பக்கத்தில் குத்துக்காலிட்டு ஒரு கதையை எடுத்தான். அவனுடைய மாமா வெங்கடகிருஷ்ணனின் கதை. மாமியின் வைர மூக்குத்தி கரமனை ஆற்றில் குளிக்கும்போது போய்விட்டது. கிடைத்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று மாமா வேண்டிக்கொண்டார். பிறகு, கிடைக்கிறவரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் முன்கூட்டியே உடைக்கப் போனார்.

"எறிஞ்சார் அண்ணாச்சி. உடையலை. இன்னொரு தரம். உடையலை. மூணாந்தரம் ஓங்கி ஒண்ணு விட்டார் கேட்டேளா, தேங்கா துள்ளி எழும்பி, கூட்டத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடுத்து. பஸ் நின்னுடுத்து. போலீஸ்காரன் ஓடி வரான்."

"அப்பொறம்?" என்றார் பகவதிப்பெருமாள்.

அப்போதுதான் மாமியார் ஏறிவிட்டாள் என்று ஆள் ஓடி வந்தான். பகவதிப்பெருமாள் எழுந்தார். விமானம் கிளம்பியது. உள்ளித்தீயலைப் பிரித்தார்கள், மேகத்தைத் தாண்டினார்கள், கல்லாறு மினுங்கியது, பேச்சு நின்றது. ஆனால் அந்தத் தேங்காய் மட்டும் பகவதிப்பெருமாளின் தலைக்குள் பழவங்காடி ரோட்டில் உருண்டுகொண்டே இருந்தது.

சங்குமுகத்தின் மேலே வந்ததும் அவர் கணுக்களை எண்ணினார். பெட்ரோல், ஆச்சு. மோதிர விரலுக்கு வந்ததும் கையைக் குவித்து அழுத்தினார், பட்டாபி சக்கரத்தை இறக்கினான். கட்டைவிரல் சுண்டுவிரல் நுனிக்கு வந்தது. அந்த நிமிஷத்தில் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. ஊர்வலம் ஓடுதளத்துக்கு வந்துவிட்டது. தீவட்டியும் குடையும் யானையுமாகப் போய்க்கொண்டிருந்தது. பகவதிப்பெருமாள் விமானத்தை மேலே தூக்கினார், சக்கரத்தை உள்ளே இழுக்கச் சொன்னார், கடலின் மேல் வட்டம் போடத் தொடங்கினார்.

சக்கரம் உள்ளே போனதும் கட்டைவிரலையும் அடிக்கணுவுக்குத் திருப்பியிருக்க வேண்டும். வேறு எந்த நாளிலும் திருப்பியிருப்பார். அன்றைக்கு அது சுண்டுவிரல் நுனியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் பட்டாபி கதையைத் தொடர ஆரம்பித்துவிட்டான்.

சட்டப்படி அவனை அதட்டியிருக்க வேண்டும். பகவதிப்பெருமாள் அதட்டவில்லை. இறங்குகிற நேரத்துக்குத்தானே சட்டம், இது சும்மா சுற்றுகிற நேரம் என்று அவரே தமக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். பட்டாபி கையை உருண்டையாகக் குவித்தான். தேங்காய். பிறகு காதைத் தொட்டான். போலீஸ்காரன் தேங்காயைக் காதில் வைத்து ஆட்டிப் பார்க்கிறான், உள்ளே ஏதோ கலகலவென்கிறது. பகவதிப்பெருமாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூக்குத்தி! ஆற்றில் விழுந்த மூக்குத்தி தேங்காய்க்குள் எப்படி வந்தது? கூட்டம் கூடிவிட்டது. பட்டாபியின் கண் பிதுங்கியது. கை ஓயவில்லை. மறுபடி உருண்டை, மறுபடி காது.

"அப்பொறம்? அப்பொறம்?" என்றார் பகவதிப்பெருமாள்.

தங்கையன் இடது தோளைத் தட்டினான். கீழே பச்சை விளக்கு. ஊர்வலம் கடற்கரைக்குப் போய்விட்டது. பகவதிப்பெருமாள் கட்டைவிரலைப் பார்த்தார். சுண்டுவிரல் நுனியில் இருந்தது. எல்லாம் ஆச்சு. அவர் விமானத்தைத் தாழ்த்தினார்.

இந்த இடத்தில்தான் கதை உச்சத்துக்குப் போயிற்று. யாரோ கோடாலி கொண்டு வந்துவிட்டான். பட்டாபி இரண்டு கையையும் தூக்கித் தூக்கிக் கீழே போட்டான், தேங்காயைப் பிளக்கிற மாதிரி. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இப்படி ஒரு கதைசொல்லி ஆகாயத்தில் வீணாகிறானே என்று பகவதிப்பெருமாளுக்கு அவன்மேல் பாசம் பொங்கியது. கையை வீசுகிற வேகத்தில் அவன் கை சக்கரத்துக் கைப்பிடிப் பக்கம் போயிற்று. அதைச் செல்லமாகத் தட்டிவிட்டு, முடிவைச் சொல்லு என்று கண்ணைக் காட்டினார். சக்கரம் இறங்காமல் இறங்கினால் அலறுகிற ஊதுகுழல் ஒன்று விமானத்தில் உண்டு. அதுவும் அலறியது. ஊர்வலத்துக் கொம்பு வாத்தியம் என்று நினைத்து அவர் ஒரு கணம் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

டக்கோட்டா விமானத்தின் சக்கரம் உள்ளே இழுத்தாலும் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அது செய்த புண்ணியம், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. என்ஜின் விசிறிகள் இரண்டும் அடுப்பில் காட்டிய வாழையிலை மாதிரிச் சுருண்டன. விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டே போய், ஊர்வலத்தில் பின்தங்கிவிட்ட ஒரு கிழட்டு யானையின் முன்னால் நின்றது. யானை அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துதிக்கையை உயர்த்திச் சலாம் வைத்தது. ஜமீன்தாரின் மாமியார் தூக்கத்திலிருந்து விழித்து, இத்தனை மெத்தென்று இறங்கி அறியேன் என்றாள்.

பகவதிப்பெருமாள் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "தேங்காக்குள்ள என்ன இருந்துது வே?"

பட்டாபி அழுதுகொண்டிருந்தான்.

விசாரணை கம்பெனி ஆபீஸின் மாடியில் நடந்தது. மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பகவதிப்பெருமாள் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எதையும் மறைக்காமல் சொன்னார். சட்டத்தை மீறிப் பேச்சுக் கேட்டது தம் தப்பு. கட்டைவிரலைத் திருப்பாதது தம் தப்பு. ஆனால் கதை சொன்னவனும் பாதி ஏற்க வேண்டும். பாதிப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் பிடிப்பார்கள், எச்சரிப்பார்கள், நாற்காலி தப்பிக்கும். பட்டாபி ஒத்துக்கொள்வான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நாலு வருஷம் ஒரே பொட்டலத்தில் கைவிட்டுச் சாப்பிட்டவன்.

அதிகாரி பட்டாபியைப் பார்த்தார். என்ன கதை அது என்று கேட்டார்.

"கதையே இல்லை சார்," என்றான் பட்டாபி. "கல்லாறு தாண்டினா அண்ணாச்சி வண்டியிலே ஆரும் வாய் திறக்கப்படாது. கம்பெனிக்கே தெரியும்."

"சக்கரம் மேலே இருப்பது உமக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். சைகை காட்டினேன், திரும்பத் திரும்பக் காட்டினேன். கைப்பிடியைத் தொட்டேன், தட்டிவிட்டார். கடைசியிலே சட்டமாவது மண்ணாவதுன்னு கத்தினேன். என்னைப் பார்த்துச் சிரிச்சுண்டே, அப்பொறம்னு கேட்டார்."

 பகவதிப்பெருமாள் அந்தப் பெரிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை இமைக்கவில்லை. இத்தனை துல்லியமாகப் பொய் சொல்ல ஒருவனால் முடியும் என்று அவர் நினைத்ததில்லை. தாம் வளர்த்த சட்டத்தையே எடுத்துத் தம் கழுத்தில் வைத்துவிட்டானே. பேச்சே நடக்காத விமானம் என்று ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று, இப்போது பேச்சு நடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தங்கையனைக் கேட்டார்கள். இரண்டு காதிலும் குழல் இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றான். ஞானசிகாமணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பெருமாளின் வண்டியில் பேச்சுக்கு இடமில்லைதான் என்று முனகினார்.

அப்போது பகவதிப்பெருமாளிடம் ஓர் ஆயுதம் இருந்தது. உள்ளித்தீயல். இவன் பேச்சை நம்பாதீர்கள், தாயையே நாலு வருஷமாக ஏமாற்றுகிறவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

இடது நாற்காலி பட்டாபிக்குப் போயிற்று. பகவதிப்பெருமாளுக்கு அஸ்ஸாம்.

"நம்ம வீட்டு உள்ளி மணம் இன்னும் அவன் கையில இருந்து போயிருக்காது. அதுக்குள்ள இப்பிடிச் செய்துட்டானே," என்றாள் வடிவாம்பாள், அவருடைய இடப்பக்கம் நின்று மோரை ஊற்றியபடி. இருபது வருஷமாக அவள் அந்தப் பக்கத்தில் நின்றுதான் பரிமாறுவாள். வலப்பக்கம் நின்று வேணுமா என்று கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை, கர்வம் பிடித்த மனுஷன் என்று அவள் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டிருந்தாள்.

நாற்காலி போனதைக்கூட அவர் ஒருவாறு பொறுத்துக்கொண்டார். தேங்காய்தான் தூங்கவிடவில்லை. கோடாலி விழுந்ததா? உள்ளே இருந்தது மூக்குத்திதானா? துரோகம் செய்தவன் செய்துவிட்டுப் போகட்டும், கதையையாவது முடித்துக் கொடுத்திருக்கக் கூடாதா? ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கரமனைக்குப் போனார்.

பட்டாபி வாசலுக்கே வந்து அழைத்துப்போனான். நாற்காலி போட்டான். பகவதிப்பெருமாள் வழக்கம்போல அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சண்டைக்கு வரவில்லை என்றார். அவன் இருக்கிற நாற்காலியைப் பற்றியும் பேச்சில்லை என்றார்.

"அந்தத் தேங்காயை மட்டும் சொல்லிரு மக்கா. கோடாலி விழுந்த பொறவு என்ன ஆச்சு?"

 பட்டாபிக்குக் கண் கலங்கியது, அதை அவர் நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"கோடாலியே இல்லை அண்ணாச்சி. போலீஸ்காரன் தேங்காயை எடுத்து மாமா கையிலே குடுத்துட்டுப் போயிட்டான். மாமா வேற தேங்கா வாங்கி உடைச்சார். அவ்வளவுதான் கதை. திருச்சியிலே ஒரு நிமிஷம் கிடைச்சிருந்தா முடிச்சிருப்பேன்."

பகவதிப்பெருமாளுக்கு அப்போதுதான் உண்மையிலேயே அடிபட்ட மாதிரி இருந்தது. கண்ணால் பார்த்த கோடாலியை இல்லை என்கிறான். நாற்காலியைப் பிடுங்கினவன் கதையையும் பிடுங்கிக்கொண்டான், அதுவும் இப்படி உப்புச்சப்பில்லாமல். எழுந்தார். அந்த நேரம் பார்த்துப் பட்டாபியின் அம்மா சுப்புலக்ஷ்மி காப்பி டம்ளரோடு வந்தாள். பிள்ளைக்குக் கேப்டன் வேலை கிடைத்ததில் அவளுக்கு ஒரே விசாரம். "உங்களண்டை கேக்கணும்னு இருந்தேன்," என்றாள். "ஆகாசத்திலே ஆசாரம் கெடாம இருந்தானோ இவன்?"

பட்டாபி சுவரோடு சுவராக நின்றான்.

பகவதிப்பெருமாள் காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். "மோர்சாதம்தான் அம்மா," என்றார். "ஊறுகாகூடத் தொடமாட்டான்."

வரும்போது பழவங்காடியில் இறங்கினார். கோயில் வாசல் கடையில் தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து இடது காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் தண்ணீர்தான் ஆடியது. கடைக்காரன் முற்றல் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டான். ஒன்றை வாங்கி, யார்மேல் என்று தமக்கே தெளிவில்லாத கோபத்தோடு ஓங்கி எறிந்தார். முதல் அடியிலேயே சுக்குநூறாயிற்று. உள்ளே ஒன்றுமில்லை.

அஸ்ஸாமுக்கு அனுப்புமுன் கம்பெனி டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு, கேப்டனின் வலது காது குறைந்தது ஐந்து வருஷமாகவே அறவே கேட்பதில்லை என்றார்.